கண்ணா, காதா, இரண்டும் சேர்ந்தா? சீனம் கற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது

சீனம் படிக்க ஆரம்பித்து ஓராண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நானூறு, ஐந்நூறு சொற்கள் தெரியும். கற்பவர்களுக்கென்றே எளிமையாக எழுதப்பட்ட ஒரு கதை கையில் இருக்கிறது. அதற்கு ஒலிப்பதிவும் உண்டு. ஒரு நாளைக்கு ஒதுக்க முடிவது அரை மணி நேரம். அந்த அரை மணியை எப்படிச் செலவிடுவது? சத்தமில்லாமல் வாசிக்கலாம். பக்கத்தைத் திறக்காமல் ஒலியை மட்டும் கேட்கலாம். அல்லது ஒலியை ஓடவிட்டு, அதே வரியில் கண்ணையும் ஓட்டலாம்.

மூன்றையும் நான் மாதக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன நிலையில் இருப்பவருக்குக் கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் நல்லது. ஆனால் சீன ஓசையை உரோமன் எழுத்தில் காட்டும் பின்யின் கண்ணில் படக் கூடாது, ஒலி கண்ணை முந்திக்கொண்டு ஓடவும் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் மற்ற வழிகளே மேல். இன்னும் நூறு எழுத்துகூடத் தெரியாதவருக்கும், நாவல் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டவருக்கும் இந்தப் பதில் பொருந்தாது. காரணங்களைப் பார்ப்போம்.

எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத மொழி

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர், இதுவரை கேட்டே இராத சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார். பொருள் பிறகு வரும், ஓசை உடனே வந்துவிடும். சீனத்தில் அந்த வசதி இல்லை. எழுத்தைப் பார்த்ததும் பொருள் தெரியும், ஓசை நினைவுக்கு வராது. ஓசை வந்தாலும் தொனி, அதாவது அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், வராது. சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் நான்கு தொனிகள், அவற்றோடு தொனி இல்லாத மெல்லிய அசையும் உண்டு. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'வாங்கு', 'விற்பனை செய்' என்ற இரண்டுக்கும் அசை ஒன்றுதான், 'மை'. வாங்குவது மூன்றாம் தொனி, குரல் தாழ இறங்கும். விற்பது நான்காம் தொனி, மேலிருந்து சட்டென்று விழும். எழுத்தில் பார்த்தால், தலையில் கூட்டல் குறி போன்ற ஒரு பகுதி இருந்தால் விற்பனை, இல்லாவிட்டால் வாங்குவது. கண் அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு பொருளைச் சொல்லிவிடும். தொனியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எழுத்துக்குள்ளேயே ஓசைக் குறிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு பொருட்பகுதியும் ஓர் ஓசைப்பகுதியும் சேர்ந்தவை. பச்சையும் நீலமும் கலந்த நிறத்தைக் குறிக்கும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓசை 'ச்சிங்', முதல் தொனி. பக்கத்தில் நீரின் குறியைச் சேர்த்தால் 'தெளிவு', சூரியனைச் சேர்த்தால் 'வானம் வெளுத்த நாள்', மனத்தைச் சேர்த்தால் 'உணர்வு', பேச்சைச் சேர்த்தால் 'வேண்டிக் கேட்பது'. நான்குமே 'ச்சிங்' தான். அழகான ஏற்பாடு. ஆனால் தெளிவு முதல் தொனி, வானமும் உணர்வும் இரண்டாம் தொனி, வேண்டுவது மூன்றாம் தொனி. குறிப்பு ஓசைவரை கொண்டுவந்து விட்டுவிடும், தொனியை நாமே தேட வேண்டும். சில எழுத்துகளில் ஓசைவரைகூட வராது. 'ஊகித்தல்' என்ற பொருள் தரும் எழுத்திலும் இதே பகுதி இருக்கிறது, அதன் ஓசையோ 'ட்ஸாய்'.

சத்தமில்லாமல் வாசிப்பது

இதில் பெரிய நன்மை, வேகம் நம் கையில் இருப்பது. தெரியாத எழுத்தில் நிற்கலாம், முந்தைய வரிக்குத் திரும்பலாம், உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன 'ச்சிங்' குடும்பத்தை ஒலியோடு ஓடிக்கொண்டே யாரும் கவனிக்க முடியாது. நின்று பார்த்தால்தான் கண்ணில் படும். எழுத்தை அடையாளம் காண்பதில் வேகம் பிடிக்க வேண்டும் என்றால் கடைசியில் இந்த வழிக்குத்தான் வர வேண்டும்.

அதன் கேடு மெதுவாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் நான் நாலைந்து மாதம் வாசிப்பு மட்டுமே வைத்துக்கொண்டிருந்தேன். கதைகள் புரிந்தன, பக்கங்கள் நகர்ந்தன, மனம் நிறைந்திருந்தது. பிறகு ஒருநாள், ஏற்கெனவே முடித்த ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்தேன். அதை அசல் ஒலிப்பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டபோது மனம் உடைந்துபோனது. பொருளில் ஒரு சொல்கூடத் தவறவில்லை. தொனியில் வரிக்கு வரி தவறு. அவற்றில் பல, தெரியாமல் தடுமாறிய தவறுகளும் இல்லை. இரண்டாம் தொனியை நான்காம் தொனியாக, துளிச் சந்தேகமும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்லியிருந்தேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சீன எழுத்தைப் பார்த்தால் மூளை ஓசையைத் தொடாமல் நேரே பொருளுக்குப் போய்விடும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். சார்ல்ஸ் பெர்ஃபெட்டி முதலான ஆய்வாளர்கள் 1990களிலிருந்து நடத்திய சோதனைகள், மௌனமாக வாசிக்கும்போதும் சீன வாசகருக்குள் ஓசை எழுகிறது என்று காட்டின. அப்படியென்றால் கற்பவர் சத்தமில்லாமல் வாசித்தாலும் உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது தப்பான தொனியில் ஓடினால், வாசிக்கும் ஒவ்வொரு பக்கமும் தப்புக்கான பயிற்சியாகிவிடும். எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒலியை மட்டும் கேட்பது

எதிர்ப்பக்கத்தில் வேறு ஒரு சிக்கல். தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் மாண்டரினில் சுமார் 400 அசைகள்தான். தொனியைச் சேர்த்தாலும் 1,300 அளவில் நின்றுவிடும். 2013இல் சீன அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலிலோ 8,105 எழுத்துகள். அத்தனையும் அந்தச் சில நூறு அசைகளுக்குள் அடங்கியாக வேண்டும். 'ஷ' வரிசையில் நான்காம் தொனி அசை ஒன்றே 'ஆம், அதுதான்' என்றும், 'விஷயம்' என்றும், 'நகரம்' என்றும், 'முயன்று பார்' என்றும் பொருள்படும். 'அவன்', 'அவள்', 'அது' மூன்றும் காதுக்கு ஒரே 'தா'. பக்கத்தில் பார்த்தால் மூன்று வெவ்வேறு எழுத்துகள், குழப்பமே இல்லை.

தாய்மொழியாகப் பேசுபவருக்கு இது தொல்லை இல்லை, சூழல் சொல்லிவிடும். ஐந்நூறு சொல் தெரிந்தவருக்குச் சூழலே பாதி இருட்டு. அதனால் கேட்டல் மட்டும் என்ற வழியில் புதுச்சொல் மிகக் குறைவாகவே ஒட்டும்.

ஆங்கிலம் கற்ற ஜப்பானிய மாணவர்களைக் கொண்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். எளிய கதைகளை ஒரு முறை வாசித்து, ஒரு முறை கேட்டுக்கொண்டே வாசித்து, ஒரு முறை கேட்க மட்டும் செய்து, ஒவ்வொரு முறையும் 28 புதுச்சொற்களில் எத்தனை பிடிபட்டன என்று பார்த்தார்கள். பொருளை எழுதச் சொன்ன சோதனையில், வாசிப்புக்கும் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கும் சராசரி நான்கைச் சற்றே தாண்டியது, பின்னதுக்கு ஒரு நூலிழை கூடுதல். கேட்டல் மட்டும் என்றபோது சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எந்த வழியில் கற்றதிலும் பெரும்பகுதி மறந்துபோயிருந்தது. மாணவர்கள் மூன்றில் மிகவும் விரும்பியது கேட்டுக்கொண்டே வாசிப்பதை.

அது ஆங்கிலம். ஒலிக்குறிப்பு எழுத்திலேயே ஓரளவு இருக்கும் மொழி. அதை அப்படியே சீனத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் சீனத்தில் எழுத்து ஓசையைத் தராது, ஓசை எழுத்தைத் தராது. ஒன்று மறைப்பதை மற்றது காட்டும். அதனால் இரண்டையும் சேர்ப்பதன் பலன் சீனத்தில் கூடுதலாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இத்தனை சொன்னாலும் கேட்டல் மட்டும் என்ற பயிற்சியை முழுக்க விட முடியாது. எதிரில் நின்று பேசுபவரின் வாய்க்குக் கீழே எழுத்து ஓடாது.

இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது

சீனத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. பழைய ஓலைச்சுவடியைப் பார்த்திருப்பவருக்கு இது புரியும். புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் ஓடும் வரியை, ஓசை தெரிந்தவர்தான் சீர் பிரித்து வாசிப்பார். சீனப் பக்கமும் கற்பவருக்கு அப்படித்தான்.

ஆறு எழுத்துள்ள ஒரு தொடரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஓசை: யென், ஜியு, ஷங், மிங், ச்சி, யுவென். முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் 'ஆராய்தல்'. முதல் மூன்றும் சேர்ந்தால் 'முதுநிலைப் பட்ட மாணவர்'. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தால் 'உயிர்'. கடைசி இரண்டும் 'தோற்றம், மூலம்'. மாணவர் என்ற சொல்லை அப்போதுதான் கற்றிருந்த நான், முதல் மூன்றை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, மீதியை வைத்துக்கொண்டு திண்டாடினேன். மாணவரின் விதியா? மாணவரின் மூலமா? 'மிங்' தனியாக நின்றால் விதி என்றும் பொருள்படும், அதனால் அந்தத் தப்பான பாதை கொஞ்ச தூரம் நடக்கவும் விட்டது. ஒலியைத் தட்டினேன். வாசித்தவர் 'யென்ஜியு' என்று சொல்லி, இமைக்கும் நேரம் நின்று, 'ஷங்மிங் ச்சியுவென்' என்று முடித்தார். உயிரின் தோற்றத்தை ஆராய்வது. ஓர் அகராதியும் தேவைப்படவில்லை. அந்தச் சின்ன நிறுத்தம் போதுமாக இருந்தது.

இப்படி ஒலி பக்கத்துக்குத் தரும் உதவி பல வகை. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஓசை இருக்கும். 'வங்கி' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து 'ஹாங்', அதே எழுத்து 'மிதிவண்டி'யில் வரும்போது 'ஷிங்'. இரண்டாம் தொனியில் 'ச்சாங்' என்றால் நீளம், மூன்றாம் தொனியில் 'ஜாங்' என்றால் வளர்வது, எழுத்து ஒன்றே. 'கிழக்கு', 'மேற்கு' என்ற இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் 'தோங்சி'. இரண்டையும் முழுத் தொனியில் சொன்னால் கிழக்கும் மேற்கும், இரண்டாவதை மெல்லியதாக விட்டால் 'பொருள், சாமான்'. பக்கத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. காதில்தான் தெரியும்.

அப்புறம், தொனிகள் ஒன்றையொன்று மாற்றும் வழக்கம். வணக்கத்துக்குச் சொல்லும் 'நி ஹாவ்' என்பதில் இரண்டுமே மூன்றாம் தொனி. ஆனால் பேசும்போது முதலாவது இரண்டாம் தொனியாக எழும்பும். 'ஒன்று' என்ற சொல் தனியாக நின்றால் முதல் தொனி, நான்காம் தொனிக்கு முன்னால் இரண்டாம் தொனி, மற்றவற்றுக்கு முன்னால் நான்காம் தொனி. விதியாகச் சொன்னால் தலை சுற்றும். ஒலியோடு நூறு முறை கண்ணில் பட்டால் தானே படிந்துவிடும். விதியை மனப்பாடம் செய்து பேசுகிறவர்களைவிட, கேட்டுப் படிந்தவர்களின் பேச்சு இயல்பாக இருப்பதை நான் மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன்.

சரி, இதற்கு விலை என்ன? கவனம். ஒரே செய்தியைக் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால், சில சமயம் ஒன்று மற்றதற்குச் சுமையாகிவிடும் என்பது அறிவுச்சுமை பற்றிய கோட்பாட்டில் ஜான் ஸ்வெல்லர் முதலானோர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. யாருக்கு எது சுமை என்பது அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்து மாறும். சீனத்தில் இந்தச் சுமை பெரும்பாலும் வேகத்தின் வடிவில் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 எழுத்துள்ள பக்கம், ஒலிப்பதிவு ஒரு நிமிடம். அப்படியென்றால் ஓர் எழுத்துக்கு அரை நொடிகூட இல்லை. அதே பக்கத்தைச் சத்தமில்லாமல் வாசிக்க உங்களுக்கு மூன்று நிமிடம் ஆகிறது என்றால், ஒலி முடியும்போது கண் முதல் பத்தியைத் தாண்டியிருக்காது. நடைமுறையில் அங்கே என்ன நடக்கும்? கண் ஏதோ ஒரு எழுத்தில் நிற்கும், காது வேறொன்றைக் கேட்கும். எழுத்துக்கும் ஓசைக்கும் முடிச்சுப் போட வேண்டும் என்பதுதான் நோக்கம், ஆனால் தப்பான எழுத்தோடு தப்பான ஓசை சேரும், அல்லது கண் முழுதாகக் கைவிட்டுவிட்டு வரியின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். புரிந்த மாதிரி ஒரு நிறைவு மட்டும் மிஞ்சும்.

நானே வைத்துக்கொண்ட அளவுகோல் இது: சத்தமில்லாமல் வாசிக்க ஆகும் நேரம், ஒலிப்பதிவின் நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் சேர்த்து வாசிக்கலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் அந்தக் கதை இப்போதைக்கு வேண்டாம், எளிதானதாக ஒன்றைத் தேட வேண்டும். தடையில்லாமல் வாசிக்கப் பக்கத்தின் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வுகளில் அடிக்கடி சொல்லப்படும் அளவு. ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிது. ஒலியோடு ஓடும்போது நிற்க முடியாது என்பதால், அந்த அளவை இங்கே இன்னும் கறாராகப் பிடித்துக்கொள்வேன்.

பின்யின் மேலே இருந்தால்

இதில்தான் எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்யின் 1958இல் சீனாவில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட உரோமன் எழுத்துமுறை. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோ யூகுவாங். சீனக் குழந்தைகள் பள்ளியில் எழுத்துகளைக் கற்க அது ஊன்றுகோல், வெளிநாட்டவருக்கும் அப்படியே. அது இல்லாமல் அகராதியில் தேடுவதும் செல்பேசியில் தட்டச்சு செய்வதும் கடினம். அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் எழுத்துக்கு மேலே பின்யின் அச்சிட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு ஒலியைக் கேட்டால், கண் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. நான் சேர்ந்திருந்த ஒரு வகுப்பில் முதல் ஆண்டு முழுவதும் எல்லாப் பாடங்களுக்கும் மேலே பின்யின் போட்டே கொடுத்தார்கள். ஒலிப்பதிவும் சேர்த்துக் கொடுத்தார்கள். தினமும் உண்மையாக உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே வாசித்தேன். ஆண்டு முடிவில் அதே பாடங்களைப் பின்யின் இல்லாமல் கையில் கொடுத்தபோது, இருபது முப்பது முறை கண்ணுக்கு முன்னால் போன எழுத்துகள் அந்நியமாகத் தெரிந்தன. பார்த்தது அத்தனையும் மேலே இருந்த உரோமன் வரியை. தெரிந்த எழுத்துமுறை பக்கத்தில் இருக்கும்போது கண் தெரியாததிடம் போகாது. அதற்குக் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் ஆண்டு உழைப்பை அப்படி வீணடிக்காமல், பாதி ஆண்டிலேயே அந்த வரியை நீக்கியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. பின்யின் பெரும்பாலும் மூலத் தொனியையே காட்டும். 'நி ஹாவ்' என்பதை இரண்டு மூன்றாம் தொனியாகத்தான் அச்சிடுவார்கள். கண் அதை நம்பும், காது கேட்டதை ஒதுக்கும். ஒலி நேராகத் தருவதைப் பின்யின் வழியாகச் சுற்றி வாங்குவதில் இப்படியும் ஓர் இழப்பு.

ஆகவே சேர்த்து வாசிப்பதானால் எழுத்து மட்டும் இருக்கட்டும். பின்யினுடைய வேலையை ஒலி செய்துவிடும். சந்தேகம் வந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தொட்டுப் பார்க்கும் வசதி இன்று பல செயலிகளில் இருக்கிறது. டூ சைனீஸ் போன்ற செயலியில் பின்யினை மறைத்துவைத்துக்கொண்டு, மனிதர் வாசித்த ஒலியோடு வரியைப் பின்தொடரலாம். அச்சுப் புத்தகம் என்றால் பின்யின் வரியை ஒரு காகிதத் துண்டால் மறைத்தாலும் போதும்.

எழுத்துகளே இன்னும் தெரியாதவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவருக்குப் பின்யினும் ஒலியும் சேர்ந்ததுதான் முதல் பாடம். அசைகளும் தொனிகளும் காதில் உட்கார வேண்டிய காலம் அது. எழுத்துகளைப் பக்கம் பக்கமாக ஓட்டுவதால் அப்போது ஒன்றும் ஆகாது.

எந்த ஒலி

கற்பவர்களுக்கான பதிவுகளில் ஒரு வகை, ஒவ்வொரு அசையையும் தனித்தனியாக, பாடநூல் படத்தில் உள்ள மாதிரி முழுத் தொனியோடு வாசிக்கும். மூன்றாம் தொனி பாடநூலில் இறங்கி ஏறும். இயல்பான பேச்சில் வரியின் நடுவே வரும்போது பெரும்பாலும் தாழ்வாக நின்றுவிடும், ஏறாது. அசைகளைப் பிரித்து வாசித்த பதிவில் இதுவும் போய்விடும், சொற்களைச் சேர்த்துப் பிடிக்கும் நிறுத்தங்களும் போய்விடும். ஒலியைச் சேர்ப்பதன் பாதிப் பயனே அந்த நிறுத்தங்கள்தானே. நிதானமாக, ஆனால் தொடராக வாசித்த பதிவைத் தேடுங்கள். இயல்பு வேகப் பதிவைச் செயலியில் சற்றே குறைத்துக் கேட்பதும் பரவாயில்லை, நிறுத்தங்கள் அதில் அப்படியே இருக்கும்.

இயந்திரக் குரல் முன்பைவிட மிகவும் நன்றாக இருக்கிறது. தெரிந்த கதைக்குப் போதும். ஆனால் பல ஓசையுள்ள எழுத்துகளில் அது இன்னும் தடுமாறும். 'வளர்' என்ற இடத்தில் 'நீளம்' என்று வாசித்தால், கற்பவருக்கு அது தப்பு என்று தெரிய வழியில்லை. புதுப்பாடத்துக்கு மனிதக் குரலையே தேர்ந்தெடுப்பேன்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு

சேர்த்து வாசிப்பதா, தனித்தனியாகவா என்று கேட்டால், ஒரே பக்கத்தில் மூன்றும் இடம் பிடிக்கலாம் என்பேன். வரிசைதான் முக்கியம். முதலில் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு முறை கேட்கிறேன். எவ்வளவு புரிகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும். பெரும்பாலும் கொஞ்சம்தான் புரியும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிறகு சத்தமில்லாமல் ஒரு முறை, நின்று, உறுப்புகளைப் பார்த்து, தெரியாத சொல்லைத் தேடி. அதன் பிறகுதான் ஒலியும் கண்ணும் சேர்ந்து, இரண்டு மூன்று முறை, நடுவில் நிறுத்தாமல். கடைசியாகப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி ஒலி மட்டும். முதலில் இரைச்சலாகக் கேட்ட வரி இப்போது சொல் சொல்லாகப் பிரிந்து கேட்கும். அந்தக் கணத்துக்காகவே நான் இந்த வரிசையை விடாமல் வைத்திருக்கிறேன்.

நேரடியாகச் சேர்த்து வாசிப்பதில் தொடங்கினால் இந்த ஒப்பீடு கிடைக்காது. எல்லாமே முதலிலிருந்து புரிகிற மாதிரி இருக்கும். காதுக்குப் புரிந்ததா, கண்ணுக்குப் புரிந்ததா என்பது நமக்கே தெரியாது.

தேர்வு எழுதுபவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக உறைக்கும். வெளிநாட்டவரின் சீனத் திறனை அளக்க 2010 முதல் நடந்துவந்த ஆறு நிலை எச்எஸ்கே தேர்வில், முதல் இரண்டு நிலைகளில் வினாத்தாளில் பின்யின் இருந்தது. மூன்றாம் நிலையிலிருந்து இல்லை. கேட்டல் பகுதியில் மூன்றாம் நிலைவரை ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஒலிக்கவிட்டார்கள், நான்காம் நிலையிலிருந்து ஒரே முறை. சொற்களின் அளவு மூன்றாம் நிலைக்கு 600, நான்காம் நிலைக்கு 1,200. மூன்றாம் நிலைக்குத் தயாராகிறவர், பின்யினை விட்டு இறங்குகிறவர் என்பதால், சேர்த்து வாசிப்பதற்கு முழு நேரத்தையும் தரலாம். நான்காம் நிலைக்குத் தயாராகிறவர் அதே வழியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், கேட்டல் பகுதியில் கைக்கு எழுத்து இல்லாமல் தவிப்பார். அரை மணியில் பத்து நிமிடத்தை எழுத்தே பார்க்காத கேட்டலுக்கு அவர் ஒதுக்கியாக வேண்டும்.

ஐந்தாம் நிலைக்கு மேல் கணக்கு தலைகீழாகிறது. சீனச் செய்தி வாசிப்பாளர்கள் நிமிடத்துக்கு 250 முதல் 300 எழுத்துவரை வாசிப்பார்கள். அந்த வேகம் முதலில் ஓட்டமாகத் தெரியும். கண் தேறிய பிறகு அதுவே இழுவையாகத் தெரியத் தொடங்கும். அந்த நிலையில் ஒலியோடு நாவல் வாசிப்பது கண்ணுக்குக் கடிவாளம் போடுவது. வாசிப்பைத் தனியே விட்டு ஓடவிட வேண்டும், காதுக்குப் பேட்டி, உரையாடல் என்று எழுத்தில்லாத சரக்கைத் தர வேண்டும். சேர்த்து வாசிப்பதை அப்போதும் ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கவிதை, பழமொழிகள் நிறைந்த உரை, கேட்டுப் பழகாத வட்டார உச்சரிப்பு என்று காதோ கண்ணோ தனியாகத் தடுமாறும் இடங்களுக்கு.

அந்த நிலை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு. ஒலியோடு வாசித்துக்கொண்டிருக்கும்போது, வாக்கிய முடிவில் வரும் அந்தச் சின்ன வட்டப் புள்ளியைக் கவனியுங்கள். கண் அங்கே முன்னதாகவே போய் நின்று, குரல் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறதா? ஒரு வரியில் நடந்தால் தற்செயல். பக்கம் முழுக்க நடந்தால் அந்தக் கதைக்கு ஒலி வேண்டாம். அணைத்துவிட்டு மேலே வாசியுங்கள், ஒலியோடு வாசிக்க இன்னும் கொஞ்சம் கடினமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.